ரிச்சா ஓடுன வண்டி

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள் மரகதமணி. கட்டடம் நாச்சிமுத்துவுடையது. கஞ்சி போட்ட வேட்டியின் மடிப்புக் கலையாமல் நடப்பவர் அவர். பேச்சிலும் அதே விறைப்புதான்.

ஒருநாள் காலை தன் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். "மைலேஜ் பாதியாப் போச்சு அம்மிணி. சிங்கப்பூர் மச்சான் லேப்டாப்பை மாட்டி ஃபியூல் மேப்பை மாத்திக் குடுத்தான். அதுல ஒரு நம்பரைக்கூடத் தொடப்படாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள மைலேஜ் வரோணும். இல்லாட்டி கடையைக் காலி பண்ணிக்கோ."

எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று சொல்வதே அந்த மேப்தான். அதைத் தொடாமல் எதைச் சரி செய்வது? மரகதமணி வண்டியை ஸ்டார்ட் செய்து, காது கொடுத்துக் கேட்டாள்.

"வண்டி ரொம்ப ரிச்சா ஓடுதுங்க."

"பின்னே? வண்டி யாருது!" பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார் நாச்சிமுத்து.

"பின்னாடி நின்னு பார்த்தா அந்த ரிச்சு இன்னும் நல்லாத் தெரியுமுங்க."

சைலன்சருக்கு நேராகப் போய் நிமிர்ந்து நின்றார். அவள் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாள். முழங்காலுக்குக் கீழே வேட்டி முழுக்கக் கரி.

"பெட்ரோல் ஜாஸ்தி, காத்து கம்மி. அதைத்தானுங்க நாங்க ரிச்சுன்னு சொல்றது."

டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டார்கள்.

"நம்பரை மாத்து," என்றார் நாச்சிமுத்து மெல்ல. "மாத்துனா ஏழையாட்டம் ஓடுமா?"

"இல்லீங்க, அளவா ஓடும். பின்னாடி நிக்கறவங்க வேட்டியும் வெள்ளையா இருக்கும்."