இருநூற்றுப் பன்னிரண்டு பீப்

ஆசிரமத்து நூலகத்துக்கு ஸ்கேனர் வந்த அன்று அருணகிரிக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பது வருஷம் தலைமையாசிரியராக இருந்துவிட்டுச் சீடராக வந்தவர். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பாரா? அவரே ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினார். ஒரு புத்தகத்தின் பார்கோடில் ஸ்கேனரைக் காட்டினார். பீப் என்றது.

"பார்த்தீங்களா!" என்றார். எதிரே ஒருத்தரும் இல்லை.

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டு பீப். குரு நாச்சியாரம்மா வந்து பார்த்தார். அவருக்கு நாற்பது வயதுதான். துறவுக்கு முன்னால் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவர். திரையில் ஒரு எண்கூட இல்லை.

"ஐயா, நடுவுல ஒரு தடவையாவது இந்தப் பக்கம் பார்த்தீங்களா?"

"அதான் பீப் வந்துச்சே அம்மா!"

"அது ஸ்கேனரோட சத்தம். தான் படிச்சிட்டேன்னு சொல்லிக்குது. கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சான்னு அதுக்குத் தெரியாது."

அருணகிரிக்கு முகம் தொங்கிப் போயிற்று. ஒரு நாள் உழைப்பு அம்போ!

"ஸ்கேனர் ஒரு வேகத்துல அனுப்புது. கம்ப்யூட்டர் வேற வேகத்துக்குக் காத்துக்கிட்டிருக்கு" என்றார் குரு.

"அப்போ கம்ப்யூட்டரை மாத்திடுவோம்."

"பேச வந்தது ஸ்கேனர்தானே? அதுதான் மாறணும்."

ஸ்கேனரோடு வந்த அட்டையைக் குரு நீட்டினார். வேகத்துக்கு ஒன்றாக அதில் வரிசையாக பார்கோடுகள். சரியானதைக் காட்டினால் ஸ்கேனர் தன்னை மாற்றிக்கொள்ளும். அருணகிரி காட்டினார். பிறகு ஒரு புத்தகம். பீப். திரையில் எண் வந்து விழுந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. ஜிப்பாப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். மகள் தேன்மொழி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்ப் பதினோரு மாசம். தினமும் காலையில் அவளுக்குப் பேசிப் பதிவு பண்ணி அனுப்புகிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. அவள் 'அப்பா' என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று பெற்ற மனசு கிடந்து தவித்தது.

"ரெண்டு டிக் விழுது அம்மா. தினம் விழுது. போய்ச் சேருதுன்னுதானே நினைச்சேன்?" குரல் உடைந்தது. "அவ வேகம் என்னன்னு சொல்ற அட்டை எங்க கிடைக்கும்?"

"போறப்போ அவ என்ன சொல்லிட்டுப் போனா?"

அருணகிரி வாயைத் திறந்தார். அன்றைக்குத் தான் பேசியது அத்தனையும் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. அரை மணி நேரம் பேசியிருந்தார். நடுவில் அவளும் ஏதோ சொன்னாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

"தெரியலையே அம்மா." கண் நிறைந்துவிட்டது. "நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லையே."

நாச்சியாரம்மா போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அதை அவகிட்ட சொல்லுங்க."