கொப்பையா பனைமரமான முகூர்த்தம்

கொப்பையாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ஒரே ஒரு சிக்கல். பெண் வீடு வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தது. குறுக்கே கிடந்ததோ ஒற்றைப் பனந்தடி. அதில் கால் வைத்தால் கொப்பையா சாய்ந்துவிடுவான். பெண் பார்க்கப் போனபோதும் நனைந்தான். பரிசம் போடப் போனபோதும் நனைந்தான். தாலி கட்டவாவது காய்ந்த வேட்டியோடு போய்ச் சேர வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

கல்யாணத்தன்று காலையில் அவன் கூட்டாளிகள் மாயழகுவும் தொந்தியப்பனும், சந்தையில் வித்தை காட்டும் மனோவசியக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள்.

அவர் கொப்பையாவைக் கரையில் நிறுத்தினார். "கண்ணை மூடுங்க. காத்து உங்களைப் பின்னால தள்ளுது."

கொப்பையா மல்லாந்து விழுந்தான். யாரைச் சொன்னார் என்று விளங்காததால் மற்ற இருவரும் விழுந்தார்கள்.

"நல்லதாப்போச்சு. வசியத்துக்கு மசியுற உடம்பு இப்படித்தான் லேசாச் சாயும்," என்றார் அவர். கொப்பையாவை எழுப்பி, கண்ணுக்குள் பார்த்துச் சொன்னார்: "வாய்க்காலைத் தாண்டுற வரைக்கும் நீங்க பனைமரம். புயலே அடிச்சாலும் சாய மாட்டீங்க."

அப்படியே ஆயிற்று. கூட்டாளிகள் தள்ளிப் பார்த்தார்கள். கொப்பையா இம்மியும் அசையவில்லை. மனோவசியக்காரர் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

"நடடா, முகூர்த்தம் நெருங்குது," என்றான் மாயழகு.

கொப்பையாவுக்கும் நடக்கத்தான் ஆசை. "பனைமரம் எப்படிடா நடக்கும்? தாண்டினாத்தானே நான் மனுஷன்?"

நியாயமாகத்தான் பட்டது.

"அப்போ தூக்கிட்டுப் போயிடலாம்," என்றான் மாயழகு.

"வேரோட பிடுங்கினா பட்டுப்போயிடும்," என்றான் தொந்தியப்பன். அவன் விவசாயம் தெரிந்தவன். "வெட்டித்தான் தூக்கணும்."

கொப்பையா அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

மாப்பிள்ளையைக் காணோமே என்று பெண்ணின் அப்பா பொம்மையசாமி, மணப்பெண் குருவம்மாளையும் அழைத்துக்கொண்டு பனந்தடியைத் தாண்டி வந்தார். மாயழகு விவரம் சொன்னான். அவர் மாப்பிள்ளையை மூன்று தடவை சுற்றிவந்தார்.

"மரமாப் போனதுல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. ஆண் பனையா, பெண் பனையா? அது தெரியாம எப்படிப் பொண்ணைக் குடுக்கிறது?"

இந்த யோசனை அதுவரை யாருக்கும் வரவில்லை. கொப்பையாவுக்கே வரவில்லை.

"பாளை விட்டாத்தான் தெரியும்," என்றான் தொந்தியப்பன். "பன்னிரண்டு வருஷமாவது ஆகும்."

"ஆகட்டும். கல்யாணம்னா நாலும் விசாரிச்சுத்தான் செய்யணும்," என்று பொம்மையசாமி துண்டை விரித்து உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. குருவம்மாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்காலில் இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளிவந்து கொப்பையாவின் காலடியில் ஊற்றினாள்.

"கொஞ்சம் சீக்கிரமாப் பாளை விடுங்க," என்று அவன் காதோடு சொன்னாள்.

கொப்பையா மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்க ஆரம்பித்தான்.