குளியலறை நிலை

"அம்மை, தியானத்துல உக்காந்தா கை நடுங்குது," என்றார் சிதம்பரதாணு.

மடத்துத் தலைவி சிவகாமி அம்மை அவரைவிட இளையவர். துறவுக்கு முன் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை பார்த்தவர்.

"எப்ப இருந்து?"

"நேத்து இருந்து. வீட்டுல குளியலறைக் கதவு நிலையை அறுத்துட்டு இருக்கேன். மின்ரம்பம் வாங்கினேன். பிடிச்சா துள்ளுது. பிளேடும் ஒடிஞ்சு போகுது."

"நிலையை எதுக்கு அறுக்கணும்?"

"உமையாளோட சக்கர நாற்காலி உள்ள போகல."

உமையாள் அவர் மனைவி. பக்கவாதம் வந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. காலையில் நர்ஸம்மா வந்து, கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிடுவார். அந்த நேரம் பார்த்துத் தாணு மடத்துக்குக் கிளம்பிவிடுவார்.

அம்மை எழுந்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்."

உமையாள் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தாணு ரம்பத்தை எடுத்தார். கைகளை நீட்டி, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு விசையை அழுத்தினார்.

ரம்பம் மரத்தில் பட்டுப் பட்டுத் துள்ளியது. சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

"நிறுத்துங்க."

அம்மை பிளக்கைப் பிடுங்கினார். நிலைக்கும் சுவருக்கும் இடையே உற்றுப் பார்த்தார்.

"உள்ள இரும்புப் பட்டை பிடிச்சிருக்கு. மரம் அறுக்கிற பிளேடு ஒடியத்தான் செய்யும். இரும்பு பிளேடு இருக்கா?"

"பெட்டியில இருக்கு."

"மாத்துங்க. சுவத்துல கரண்ட் வயர் எந்தப் பக்கம் போகுது?"

"எதிர்ப்பக்கம். பார்த்துட்டேன்."

பிளேடு மாற்றியதும், பிளேடு வெளிவரும் இடத்தில் ரம்பத்தோடு பொருத்தியிருந்த தகட்டை அம்மை விரலால் தொட்டார்.

"இதை நிலையோட ஒட்ட வச்சுப் பிடிங்க. விலகவே கூடாது."

"அவ்வளவு கிட்டப் போக பயமா இருக்கு, அம்மை."

"தள்ளி நிக்கிறதாலதான் துள்ளுது."

உமையாள் தலை குனிந்துகொண்டாள்.

தாணு அதைப் பார்த்தார்.

பிறகு பிளக்கைச் செருகினார். தகட்டை நிலையோடு அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்தார். வலிந்து தள்ளாமல் பற்களை அவற்றின் போக்கில் ஓடவிட்டார்.

ரம்பம் துள்ளவில்லை. பட்டைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. மாலைக்குள் நிலை கழன்று வந்தது.

தாணு நாற்காலியைத் தள்ளினார். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் இடம்தான். போய்விட்டது.

உமையாள் குழாயைத் திறந்தாள். நல்ல கையைத் தண்ணீரில் நீட்டி அப்படியே வைத்திருந்தாள். கோணிய வாயால் ஏதோ சொன்னாள்.

தாணு குளியலறை வாசலில் நின்றபடி திரும்பினார்.

"என்ன சொல்றா, அம்மை?"

"என்கிட்டயா கேக்கீங்க?"

தாணு உள்ளே போனார். குனிந்து, அவள் வாயருகே காதை வைத்தார்.

"தலைக்கு ஊத்தணுமாம்," என்றார்.

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். உள்ளேயிருந்து தாணு கேட்டார்.

"நாளைக்கு மடத்துக்கு எப்ப வரட்டும்?"

"அவங்க தலை காஞ்ச பிறகு."