டீச்சரம்மாவின் ஆர்க்கிட் வேர்விட்ட விதம்

ஏற்காட்டில் ரெஜினா டீச்சர் வீட்டுத் தோட்டத்தை மூன்று பேர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் மாசிலாமணி, மற்ற இருவரும் அவருடைய மச்சினன்மார், செங்கோடனும் பொன்னுரங்கமும். மூவருக்கும் சேர்த்தே கடவுள் ஒரு மூளை கொடுத்திருந்தார். அதுவும் அன்றாடம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாது.

டீச்சரின் கணவர் கடைசியாக வாங்கிவந்த ஆர்க்கிட் செடி, நெடுநெடுவென்று வளர்ந்து, அடிவேர் அழுகித் தொட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் டீச்சர் தாங்கமாட்டாரே என்று மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

கண் ஆபரேஷனுக்காகச் சேலத்தில் மகள் வீட்டிலிருந்த டீச்சர் போனில் சொன்னார்: "தண்டுல ஈரப் பாசியைச் சுத்திக் கட்டுங்க, புது வேர் வரும். காயாமப் பாத்துக்கங்க."

"பாசின்னா பாசிமணிதானே மாமா?" என்றான் செங்கோடன்.

"வேற என்னடா? கழுத்துல கட்டறதுதான்."

"செடிக்குக் கழுத்து எது?"

வெகுநேரம் விவாதித்து, பூவுக்குக் கீழே என்று முடிவு செய்தார்கள். செங்கோடன் பெண்டாட்டியின் பச்சைப் பாசிமணி நனைந்து செடியின் கழுத்தில் ஏறியது. அவள் பத்து நாள் அவனோடு பேசவில்லை.

"பாத்துக்கச் சொன்னாங்களே," என்றார் மாசிலாமணி. முக்காலி போட்டு, முறைவைத்துச் செடியையே பார்த்தார்கள். பொன்னுரங்கம் கண் சிமிட்டிவிட்டான் என்று ஒருநாள் அடிதடியே ஆகிவிட்டது.

மலைப்பனி மணிகளைக் காயவே விடவில்லை. ஒரு மாசத்தில், மணிகளுக்கு நடுவே இரண்டு வேர் எட்டிப் பார்த்தது! மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் போன் போட்டார்.

"விரல் நீளம் வந்ததும், வேருக்குக் கீழ வெட்டி நடுங்க," என்றார் டீச்சர்.

விரல் நீளம் வந்தது. வெட்டினார்கள். வரிசையாக நின்று நடுங்கினார்கள்.

"எவ்வளவு நேரம் மாமா?"

"சொல்லலையேடா. பல்லும் சேர்ந்து ஆடட்டும்."

அந்த நேரம் பார்த்து டீச்சர் வந்து இறங்கினார். தரையில் செடி, பக்கத்தில் மூன்று பேருக்கும் உதறல்.

"ஐயையோ, நிறுத்துங்க!"

மூவரும் பாய்ந்து செடியைத் தூக்கித் தொட்டியில் நிறுத்தினார்கள். புது வேர், மண்ணுக்குப் பதில் போட்டிருந்த கரித்துண்டுகளுக்குள் கச்சிதமாக இறங்கியது. டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"பொழைச்சுக்கும். தினமும் காலையில தண்ணி மட்டும் காட்டுங்க, போதும்."

மறுநாள் மாசிலாமணி வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு முன்னால் பிடித்தார். இடப்பக்கம் காட்டினார். வலப்பக்கம் காட்டினார். ஒரு சொட்டும் சிந்தாமல் திரும்பினார்.

"பாத்துச்சா மாமா?" என்றான் பொன்னுரங்கம்.

"எலையெல்லாம் நல்லாப் பாத்துச்சுடா. வேருக்குத்தான் தொட்டி மறைக்குது. நாளையிலிருந்து செடியை வெளிய எடுத்துட்டுக் காட்டணும்."