அறுபது சென்ட்டும் ஒரு பலா மரமும்

பண்ருட்டி வக்கீல் கோமளவல்லி எழுதிய உயில் எதுவும் இதுவரை கோர்ட் படி ஏறியதில்லை. இருபது வருடத் தொழிலில் இது லேசுப்பட்ட காரியமில்லை. மற்ற வக்கீல்களுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்கூட உண்டு.

அவரிடம் ஜூனியராக வந்து சேர்ந்தார் தணிகாசலம். வயது அறுபத்தொன்று. சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் சட்டம் படித்தவர். சீனியரைவிடப் பதினைந்து வயது மூத்த ஜூனியர்.

சேர்ந்த அன்றே கேட்டுவிட்டார்.

"உயிலை எப்படி எழுதினா குடும்பம் உடையாது, மேடம்?"

கோமளவல்லி ஒரு ஃபைலை நீட்டினார். "இதை எழுதிக்கிட்டு வாங்க, சார். அப்புறம் பேசுவோம்."

அது தெய்வநாயகத்தின் ஃபைல். எழுபத்தாறு வயது. அறுபது சென்ட் தோட்டம், நடுவில் ஒரு பலா மரம், ஒரு மகள், இரண்டு மகன்கள். மனைவி இறந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. முதல் வருடத் திதியை யார் வீட்டில் கொடுப்பது என்று ஆரம்பித்த பேச்சில் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. யார் பக்கமும் சாய முடியாமல் அக்காவும் வருவதை நிறுத்திவிட்டாள்.

"நான் இருக்கும்போதே இப்படி. நான் போயிட்டா மூணும் மூணு ஊரு ஆளுங்க மாதிரி ஆயிடும்ங்க" என்றார் பெரியவர். தணிகாசலத்துக்கும் மனசு கேட்கவில்லை. இந்த உயிலை ஒரு கை பார்த்துவிடுவது என்று டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

நான்கு நாள் அளந்தார். பெரிய தாளில் பிளான் வரைந்தார். பிறகு உயில் எழுதினார்.

"ஆளுக்குச் சுமார் இருபது சென்ட் மேடம். மூணு பாதை, மூணு போர்வெல், மூணு கேட். ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கவே வேண்டியதில்லை. சண்டைக்கு இடமே கிடையாது."

கோமளவல்லி ஒரு வரி விடாமல் படித்தார்.

"ஒரு தப்பு இல்லை, சார். பலா மரம்?"

"பெரிய மகன் பங்குல விழுது. மத்த ரெண்டு பேருக்கும் ஈடா ஆளுக்கு ரெண்டடி கூட்டியிருக்கேன்."

சீனியர் சிரித்தார். ஃபோனை எடுத்தார்.

"ஐயா, ஞாயித்துக்கிழமை காலையில பிள்ளைங்க மூணு பேரையும் அழைச்சிக்கிட்டு வாங்க. அந்த மரத்துப் பழம் ஒண்ணும் வேணும்."

ஃபீஸைப் பழமாக வாங்கும் வக்கீலைத் தணிகாசலம் அன்றுதான் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மூன்று வண்டியில் வந்தார்கள். அக்கா அலமேலு நடுவில் உட்கார்ந்தாள். பெரியவன் கலியமூர்த்தி ஜன்னலைப் பார்த்தான். சின்னவன் தனசேகர் ஃபேனைப் பார்த்தான். மேஜையில் பிளான் விரித்திருந்தது. அதன் பக்கத்தில் பதினெட்டுக் கிலோ பழம், அறையெல்லாம் வாசம்.

"சார், தோட்டத்தை நல்லாப் பிரிச்சீங்க. இதையும் மூணாப் பிரிச்சுடுங்க" என்று கோமளவல்லி கத்தியை நீட்டினார்.

தணிகாசலம் பிறந்தது வேலூர்ப் பக்கம். அவருக்குப் பலாச்சுளை தெரியும், பலாப்பழம் தெரியாது. சர்வேயர் இல்லையா, ஸ்கேலை வைத்து அளந்து இரண்டு இடத்தில் கோடு போட்டார். கத்தியை இறக்கினார்.

பால் பீறிட்டது. கத்தி பழத்தில் ஒட்டியது. விரல் கத்தியில் ஒட்டியது. உதறிய கையில் பிளான் ஒட்டியது. ஒரு கையால் பிளானைப் பிய்க்கப் போனார், அந்தக் கையும் மாட்டிக்கொண்டது. நான்கு நாள் உழைப்பு இரண்டு கைக்கும் நடுவில் கிழிந்தது.

பண்ருட்டியில் பிறந்தவர்களால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"ஐயோ, எண்ணெய் தடவாம யாருங்க வெட்டுவா!" என்று கலியமூர்த்தி எழுந்தே விட்டான். "டேய், எண்ணெய் வாங்குடா!"

"எண்ணெய் இருக்கா மேடம்?" என்று தனசேகர் கேட்டு முடிப்பதற்குள் கோமளவல்லியின் மேஜை டிராயரிலிருந்து நல்லெண்ணெய் பாட்டில் வெளியே வந்தது.

கத்தியிலும் அண்ணன் கையிலும் தம்பி எண்ணெய் தடவினான். அண்ணன் நெடுக்காகப் பிளந்தான். தம்பி ஒரு பாதியை விரித்துப் பிடிக்க, அண்ணன் நடுத்தண்டை அரிந்தான். அக்கா சுளையை எடுத்து எடுத்துப் போட்டாள். இத்தனை நாள் பேசாதவர்கள் என்று யாராவது சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"டேய் கலியா, கொட்டையை எறிஞ்சிடாதே. குழம்புக்கு ஆகும்."

"தெரியும்க்கா."

"காம்புப் பக்கத்துச் சுளை சின்னவனுக்கு. அம்மா அவனுக்குத்தானே குடுக்கும்?"

"எனக்குக் குடுக்கும். இவன் புடுங்கிக்குவான்."

"யாரு, நானா? பொய் சொல்லாத ண்ணே!"

"ண்ணே" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் தெய்வநாயகம் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அலமேலு பதறித் துண்டை விலக்கினாள். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வேறு.

கோமளவல்லி பேனாவை எடுத்தார். உயிலில் பெரிய மகன் பங்கிலிருந்த பலா மரத்தை அடித்தார். கீழே எழுதி, சத்தமாகப் படித்தார்.

"பலா மரமும் அதைச் சுற்றியுள்ள மூன்று சென்ட்டும் மூவருக்கும் பொது. அதற்குப் பொதுப்பாதை ஒன்று. ஒவ்வொரு வருடமும் முதல் பழத்தை மூவரும் கூடியிருந்துதான் வெட்ட வேண்டும்."

"இதான் வேணும்ங்க" என்றார் பெரியவர்.

கையில் பிளான் தொங்க, தணிகாசலம் சீனியரின் காதருகே குனிந்தார்.

"பொதுவுல விட்டா நாளைக்குச் சண்டை வருமே, மேடம்?"

கோமளவல்லி அவர் கையைப் பிடித்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பிசினைத் தேய்த்துத் துடைத்தார்.

"வரட்டுமே சார். சண்டை போடவாவது மூணு பேரும் மரத்தடிக்கு வரணுமில்ல?"