இங்கே குளி

ஆலங்காட்டுப் பள்ளிக்கூடத்தில் எருமை மந்தாகினிதான் டீச்சர். குரல் கணீரென்று இருக்கும். மிரட்டல் அதைவிடக் கணீர். ஆனால் அவ்வளவு பெரிய நாக்குக்கு 'ழ' மட்டும் வளைந்து கொடுக்காது. பழத்தைப் பளம் என்பார், மழையை மளை என்பார். பிள்ளைகளும் அப்படியே கோரஸாகக் கத்தின. வேறென்ன செய்யும், பாவம்!

முன்வரிசையில் தேன்மொழி என்றொரு முள்ளம்பன்றிக் குட்டி இருந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிற பிள்ளை. வீட்டில் அம்மா அவளைத் தேன்மொழி என்று கூப்பிடுவாள். வகுப்பில் டீச்சர் தேன்மொளி என்பார். இதில் எது தன் பேர் என்று அவளுக்கு ஒரே குழப்பம்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "டீச்சர், 'ள'வையும் 'ழ'வையும் நீங்க ஒரே மாதிரிதானே சொல்றீங்க? அப்புறம் எதுக்கு ரெண்டு எழுத்து?"

தெரியாது என்று சொல்ல டீச்சருக்கு மனசு வரவில்லை.

"ஒண்ணுக்கு வால் இருக்கு, ஒண்ணுக்கு இல்ல. அவ்வளவுதான். அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாம எழுது."

தேன்மொழி குனிந்து எழுதினாள். ஆனால் அந்த வால் எதற்கு என்ற யோசனை மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அன்று மத்தியானம் நரி மூச்சு வாங்க ஓடிவந்தது.

"டீச்சர், ஆற்றுப் பாதையில வேட்டைக்காரங்க பெரிய குழி வெட்டி, மேல தழையைப் போட்டு மூடி வச்சிருக்காங்க. பொழுது சாய வந்து பார்ப்பாங்க. எனக்கு எழுத்து வராது. யாரும் அந்தப் பக்கம் போகாம இருக்க ஒரு போர்டு எழுதிக் குடுங்க."

டீச்சர் பதறிப் போனார். தேன்மொழியிடம் ஒரு மரப்பட்டையை நீட்டினார். முள்ளாலேயே கீறி எழுதுவதில் அவள் கெட்டிக்காரி.

"எழுதுடி. இங்கே குளி."

தேன்மொழிக்கு ஆச்சரியமாக இருந்தது. நரி 'குழி' என்று சொன்னபோது அதன் நாக்கு மேலே ஒட்டாமல் உள்ளே மடங்கியதை அவள் பார்த்திருந்தாள். சத்தமும் வேறு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்ததே!

"எந்த ளி டீச்சர்? வால் இருக்கிறதா, இல்லாததா? நரி மாமா வேற மாதிரி சொன்னாரே."

"நரியா உனக்கு டீச்சர்? எது சட்டுனு கைக்கு வருதோ அதைப் போடு. நேரமாகுது."

வால் இல்லாததுதான் சட்டென்று வந்தது. நரி பட்டையை வாங்கிக்கொண்டு போய்க் குழிக்குப் பக்கத்தில் மாட்டியது.

வெயில் இறங்குகிற நேரம். டீச்சரின் மகள் சாமந்தி, ஆற்றுக்கு அக்கரையில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தவள், அன்றுதான் திரும்பி வரவேண்டும். டீச்சர் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தினார். திடீரென்று ஆற்றுப் பக்கமிருந்து "அம்மா!" என்று ஓர் அலறல். பள்ளிக்கூடமே எழுந்து ஓடியது.

குழிக்குள்ளே சாமந்தி! உடம்பெல்லாம் மண்.

"போர்டு வச்சிருந்தோமேடி, படிக்கத் தெரியாதா உனக்கு?" என்று டீச்சர் கதறினார்.

"படிச்சிட்டுத்தாம்மா குதிச்சேன். இங்கே குளின்னு போட்டிருந்துச்சு. தழைக்கு அடியில தண்ணி இருக்கும், வெயிலுக்கு நல்லா இருக்குமேன்னு நினைச்சேன். தண்ணியைத்தான் காணோம்."

டீச்சர் அப்போதுதான் போர்டை நிமிர்ந்து பார்த்தார். 'ளி'க்கு வால் இல்லை. தேன்மொழியும் பார்த்தாள். எழுதியது அவள் கைதானே.

தூரத்தில் வேட்டை நாய்கள் குரைத்தன. ஆளாளுக்குப் புலம்பினார்களே தவிர, ஒருவருக்கும் ஒன்றும் ஓடவில்லை. தேன்மொழி மட்டும் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மேல தூக்க முடியாது. ஒரு பக்கம் கரையை வெட்டிச் சரிச்சு விட்டா அவளே ஏறி வந்திடுவா. காட்டுப்பன்றி மாமாவைக் கூப்பிடுங்க!"

காட்டுப்பன்றிகள் வந்து மூக்கால் கிளறின. தேன்மொழியும் நகம் தேயத் தேயப் பறித்தாள். மண் சரிந்தது. சாமந்தி சறுக்கிச் சறுக்கி மேலே ஏறிவிட்டாள். நாய்கள் வந்து சேர்ந்தபோது குழி காலியாக இருந்தது.

புதர் மறைவில் தேன்மொழி விசும்பினாள். "நான் வால் போட்டு எழுதியிருக்கணும் டீச்சர்."

"போட்டிருந்தாலும் என் மகள் குளின்னுதான்டி படிச்சிருப்பா" என்றார் டீச்சர். "நான் அப்படித்தானே சொல்லிக் குடுத்திருக்கேன். நீ கேட்ட. நான்தான் வாயை அடைச்சேன்."

மறுநாள் வகுப்பில் நரி முன்னால் நின்று "ழ" என்றது. மந்தாகினி டீச்சர் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாக்கை மடக்கி மடக்கிப் பார்த்தார். எச்சில் தெறித்தது. பிள்ளைகள் சிரித்தன. அவரும் சிரித்துவிட்டு மறுபடியும் மடக்கினார்.

நீதி: ஓர் எழுத்துதானே என்று அலட்சியமாகச் சொல்லிக் கொடுத்தால், அதை நம்பிப் படிக்கிற பிள்ளைதான் குழியில் விழும்.