முதலாளியின் க்ரூஸ் கன்ட்ரோல்

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் காரை ஒரே வேகத்தில் ஓட வைப்பது க்ரூஸ் கன்ட்ரோல். மில் முதலாளி வையாபுரியின் பழைய காரில் அது திடீர் திடீரென்று விட்டுப்போனது.

"ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமக் கண்டுபிடி. இல்லேன்னா என் மில் லாரி ஒண்ணுகூட இனி உன் பட்டறைக்கு வராது" என்றார் மெக்கானிக் துளசிமணியிடம்.

அவரை ஓட்டச் சொல்லிவிட்டு அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். பத்து கிலோமீட்டருக்குள் மூன்று முறை விட்டுப்போனது.

"அடுத்தது மாரியம்மன் கோயில்கிட்ட போகும் பாருங்க."

முதலாளி சிரித்தார். கோயில் வந்தது. வேகம் விழுந்தது. சிரிப்பும் நின்றது.

"எப்படிச் சொன்னே?"

"கோயிலைக் கண்டதும் கன்னத்துல போட்டுக்கறீங்க. அப்பவே கால் பிரேக்கைத் தொட்டுருது. பிரேக்கைத் தொட்டா க்ரூஸ் கன்ட்ரோல் தானா விட்டுரும். சாமி கும்பிடக் கை போதுங்க முதலாளி, காலைச் சும்மா வெச்சுக்குங்க."